சொன்ன சொல் காப்பாற்றாத சப்ளையர்கள்: சங்கம் என்ன செய்யலாம்?

உள்ளறை:

வணக்கம். எங்கள் உள் அலங்கார வடிவமைப்பாளர் சங்கத்தின் செயற்குழுவில் இந்த முறை என்னையும் போட்டிருக்கிறார்கள். "சங்கம் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?" என்று உறுப்பினர்களைக் கேட்டால் பயிற்சி வகுப்பு, கண்காட்சி என்று யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாரும் சப்ளையர் கதைதான் சொல்கிறார்கள்.

அட்வான்ஸ் வாங்கும் வரை அவர்களே விடாமல் போன் செய்வார்கள். வாங்கிய பிறகு நாம் அடித்தால் எடுக்க மாட்டார்கள். "லோடு ஏறிவிட்டது" என்பார்கள், எங்கே ஏறியது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

ஓர் உறுப்பினருக்கு நடந்ததைச் சொல்கிறேன். அலமாரிக் கதவுகளின் மேல் ஒட்டும் லேமினேட் தகடு. பாதிக் கதவுகளுக்கு ஒட்டி முடித்த பிறகுதான் மீதிச் சரக்கு வந்தது. பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே நிறம். மாலையில் மஞ்சள் விளக்கைப் போட்டதும் இடது பக்கம் சாம்பல், வலது பக்கம் லேசான பச்சை. சப்ளையரைக் கேட்டால், "நம்பர் ஒன்றுதானே மேடம்?" என்றாராம். வீட்டுக்காரருக்கு சப்ளையர் யாரென்றே தெரியாது. அவரைப் பொறுத்தவரை தப்பு வடிவமைப்பாளர் மேல்தான்.

போன கூட்டத்தில் ஒருவர் எழுந்து, கறுப்புப் பட்டியல் போட்டு எல்லாருக்கும் அனுப்பலாம் என்றார். பெரிய கைதட்டல். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. வேறு தொழில்களில் உங்கள் சங்கங்கள் என்ன செய்கின்றன?

சதுரஅடி:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பெயரைப் போடுங்கள். ஏமாற்றியவன் பெயர், கடைப் பெயர், போன் நம்பர், எல்லாவற்றையும் போடுங்கள். அத்தனை உறுப்பினரும் ஒரே நாளில் ஆர்டரை நிறுத்தினால் மறு வாரம் தானாக வந்து நிற்பான். தனியாளாகக் கேட்டால் மதிக்க மாட்டான், கூட்டமாகக் கேட்டால்தான் மதிப்பான். இதைக்கூடச் செய்யாத சங்கம் எதற்கு, ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்தவா?

பழைய_செயலாளர்:

சதுரஅடி தம்பி, கோபம் நியாயம்தான். வழிதான் ஆபத்து. இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இரண்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனவை.

முதலாவது 1914இல் தீர்ப்பானது. சில்லறை மர வணிகர்களின் சங்கங்கள் சம்பந்தப்பட்டது. சில மொத்த வியாபாரிகள் சில்லறைக் கடைகளைத் தாண்டி நேராக வாடிக்கையாளருக்கே மரம் விற்றார்கள். சங்கங்கள் அவர்கள் பெயர்களைத் தொகுத்து உறுப்பினர்களிடையே சுற்றுக்கு விட்டன. "இவர்களிடம் வாங்காதீர்கள்" என்று அதில் ஒரு வரி கிடையாது. ஆனாலும், அப்படியொரு பட்டியல் சுற்றினால் இயல்பாக நடக்கப்போவது புறக்கணிப்புதான் என்று சொல்லி, போட்டியைக் காக்கும் ஷெர்மன் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு கடைக்காரர் தன் சொந்த முடிவில் "இவரிடம் இனி வாங்க மாட்டேன்" என்றால் அது அவர் உரிமை. அதையே பலர் கைகோத்துச் செய்தால் சட்டத்தின் பார்வை மாறிவிடுகிறது.

இரண்டாவது 1985. வணிக நிறுவனங்களின் கடன் தகுதி பற்றி அறிக்கை கொடுக்கும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட், ஒரு கட்டட ஒப்பந்ததாரர் திவாலாகிவிட்டதாகத் தன் சந்தாதாரர்களுக்குத் தகவல் அனுப்பியது. உண்மையில் திவால் மனு போட்டது அந்த நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவர். நீதிமன்ற ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க அமர்த்தப்பட்டிருந்த 17 வயதுப் பள்ளி மாணவர் பெயரை மாற்றி எழுதிவிட்டார். அறிக்கை போனது வெறும் 5 சந்தாதாரர்களுக்கு. ஜூரி விதித்த இழப்பீடு, தண்டத் தொகையும் சேர்த்து, மூன்றரை லட்சம் டாலர். உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

5 பேருக்குப் போன தகவலுக்கே அந்தப் பாடு. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேர்?

சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் தொழில் போட்டியாளர்கள் ஒன்று கூடி ஒருவரை ஒதுக்குவதைச் சிரித்த முகத்தோடு பார்க்கும் சட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

சதுரஅடி:

சரி சார். அப்படியானால் அவன் ஏமாற்றிக்கொண்டே இருக்கலாம், நாம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும். அதானே?

பஞ்சுமூட்டை:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் பருத்தி வணிகத்தில் இருந்தவன். சதுரஅடி கேட்கும் பட்டியல் எங்கள் தொழிலில் வெளிப்படையாகவே இருக்கிறது, யாரும் சங்கத்தை மூடவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறும் விதம் வேறு.

லிவர்பூலில் 1841இல் பருத்தித் தரகர்கள் தொடங்கிய சங்கம்தான் இன்றைய சர்வதேசப் பருத்திச் சங்கம். ஒப்பந்தத்தில் "இந்தச் சங்கத்தின் விதிகளும் நடுவர் தீர்ப்பும் பொருந்தும்" என்று எழுதியிருந்தால், தகராறு வரும்போது இரு தரப்பும் தங்கள் ஆவணங்களோடு நடுவர்களிடம் போக வேண்டும். தீர்ப்பு வந்த பிறகும் ஒருவர் அதை நிறைவேற்றாமல் இருந்தால் அவர் பெயர் "நிறைவேற்றப்படாத தீர்ப்புகள்" பட்டியலில் ஏறும். புகார் வந்ததற்காக யார் பெயரும் ஏறாது. தீர்ப்பில் தோற்றதற்காகவும் ஏறாது. தோற்றவர் பணத்தைக் கட்டிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது.

இந்த வேறுபாடுதான் முழு விஷயமும் என்பேன். "இவர் மோசமானவர்" என்று சங்கம் சொன்னால் அது அபிப்பிராயம், அதை எதிர்த்து வழக்குப் போடலாம். "இன்ன தேதியில் வந்த இன்ன தீர்ப்பு இன்னும் நிறைவேறவில்லை" என்றால் அது நடந்த சம்பவம். சம்பந்தப்பட்டவர் அதை மாற்ற விரும்பினால் கட்ட வேண்டியதைக் கட்டினால் போதும்.

2010, 2011இல் இதன் அருமை தெரிந்தது. பருத்தி விலை ஏறி ஏறி 2011 மார்ச்சில் ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 2 டாலரைத் தாண்டியது. ஏறும்போது பழைய விலைக்கு ஒப்புக்கொண்ட விற்பனையாளர்கள் சரக்குத் தர மறுத்தார்கள். பிறகு சரசரவென்று இறங்கியபோது அதிக விலைக்கு ஒப்புக்கொண்ட ஆலைகள் சரக்கை எடுக்க மறுத்தன. இதைக் கவனியுங்கள்: கைவிட்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். பட்டியலிலும் இரண்டு பக்கத்துப் பெயர்களும் ஏறின.

உள்ளறை:

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, பெயரை மாற்றி மச்சான் பெயரில் புதுக் கடை திறந்துவிட்டால்? இரண்டு, எங்கள் சப்ளையர்கள் சங்க உறுப்பினர்களே இல்லை. நம் விதி அவர்களை எப்படிக் கட்டுப்படுத்தும்?

பஞ்சுமூட்டை:

முதலாவதற்கு: அந்தக் கூத்து எல்லாத் தொழிலிலும் உண்டு. அதனால்தான் பருத்திச் சங்கம் பட்டியலை இரண்டு பாகமாக வைத்திருக்கிறது. தீர்ப்பை நிறைவேற்றாதவர்கள் ஒரு பாகம், அவர்களோடு தொடர்புள்ளதாக ஆதாரம் இருக்கும் நிறுவனங்கள் இன்னொரு பாகம். ஆதாரம் என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவதற்கு: சப்ளையர் உறுப்பினராக இருக்கத் தேவையில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். தானிய, தீவன வணிகத்தில் காஃப்டா என்ற லண்டன் சங்கம் இருக்கிறது. அதன் மாதிரி ஒப்பந்தங்களை வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் நேரில் பார்க்காதவர்கள் கப்பல் கப்பலாகத் தானியம் வாங்கி விற்கிறார்கள். வெளிநாட்டு சப்ளையர் என்றாலும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை இருக்கிறது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஒரு நாட்டில் வாங்கிய நடுவர் தீர்ப்பை இன்னொரு நாட்டு நீதிமன்றத்தில் கொண்டுபோய் நிறைவேற்றக் கேட்கலாம்.

டைல்ஸ்_கிடங்கு:

இவ்வளவு நேரம் பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்தேன். நான் நீங்கள் திட்டும் சப்ளையர் கூட்டத்தில் ஒருவன். எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஆர்டர் எப்படி வருகிறது தெரியுமா? குரல் செய்தியாக வரும். பின்னால் டிரில்லிங் சத்தம். "அண்ணே, போன தடவை கொடுத்தீங்களே அந்த கிரீம் கலர், அதிலேயே இன்னும் கொஞ்சம்." டைல்ஸ் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். டிசைன் பெயருக்குப் பக்கத்தில் ஷேட் எண், காலிபர் எண் என்று இரண்டு அச்சிட்டிருக்கும். சூளையில் ஒவ்வொரு முறையும் நிறம் ஒரு நூல் மாறும், அது ஷேட். சுட்ட பிறகு அளவு ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வரும், அது காலிபர். முதல் ஆர்டரில் தேவையை விடக் கொஞ்சம் கூட வாங்கி வையுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்வோம். கேட்க மாட்டார்கள். வேலை முடியும் நேரத்தில் ஒரு மூலைக்கு டைல்ஸ் போதாது, அந்த ஷேட் கம்பெனியிலேயே தீர்ந்து போயிருக்கும். உடனே "சப்ளையர் ஏமாற்றிவிட்டார்".

அப்புறம் பணம். "வீட்டுக்காரர் தந்ததும் தருகிறேன்" என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தேசிய கீதம். நீங்கள் தராததால் நான் கம்பெனிக்குக் கட்ட முடியாது, கம்பெனி அடுத்த லோடை நிறுத்தும், அந்த லோடில் உங்கள் சரக்கும் இருக்கும்.

சங்கம் எங்கள் தாமதத்தைக் கணக்கு எழுதுமானால் உங்கள் தாமதத்தையும் எழுதட்டும்.

சதுரஅடி:

அண்ணே, ஒழுங்கான சப்ளையரை யாரும் திட்டவில்லை. அட்வான்ஸை வாங்கி வேறு ஆர்டருக்குப் போட்டுவிட்டு நமக்குக் கதை சொல்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் பேச்சு. உங்களுக்கு ஏன் உறைக்கிறது?

டைல்ஸ்_கிடங்கு:

பட்டியல் போடும்போது அவனையும் என்னையும் யார் பிரித்துப் பார்ப்பார்கள் என்பதுதான் என் கேள்வி தம்பி. உங்கள் குழுவில் ஒருவர் ஆத்திரத்தில் தட்டினால் போதுமே.

சட்டம்_படித்தவர்:

டைல்ஸ்_கிடங்கு சொன்னதில் பாதி, ஒப்பந்தச் சட்டத்தில் பழம்பெரும் பாடம். 1854இல் இங்கிலாந்தில் வந்த ஹாட்லி எதிர் பாக்சன்டேல் வழக்கைப் படிக்காத சட்ட மாணவர் இருக்க மாட்டார். ஒரு மாவு ஆலையின் இயந்திர அச்சு, அதாவது சுழலும் தண்டு, உடைந்துவிட்டது. புது அச்சு செய்ய மாதிரியாக உடைந்ததையே அனுப்ப வேண்டும். கொண்டுபோன சரக்குப் போக்குவரத்து நிறுவனம் சில நாள் தாமதம் செய்தது. அதுவரை ஆலை நின்றுபோனது. நின்ற நாட்களின் லாபத்தைக் கேட்டு ஆலைக்காரர் வழக்குப் போட்டார். கிடைக்கவில்லை. அந்த அச்சு வராவிட்டால் ஆலையே நிற்கும் என்பது ஒப்பந்தம் செய்யும்போது இரு தரப்புக்கும் தெரிந்திருந்ததாகக் கொள்ள முடியாது என்றது நீதிமன்றம்.

நம் விஷயத்துக்கு வருவோம். "இந்தத் தேதிக்குச் சரக்கு வராவிட்டால் பொருத்தும் ஆட்களுக்குச் சும்மா கூலி தர வேண்டியிருக்கும், வீடு ஒப்படைக்கும் தேதி தள்ளிப்போகும்" என்று ஆர்டரில் ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் பிறகு நஷ்டக் கணக்குப் போடும்போது சப்ளையர் "எனக்கென்ன தெரியும்?" என்பார். சட்டம் அவர் பக்கம் தலையாட்டக்கூடும்.

இன்னொன்று, தாமதமானால் என்ன செய்வது என்பது. நாடுகளுக்கு இடையிலான சரக்கு விற்பனைக்கு 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையில் அழகான ஒரு முறை இருக்கிறது. சரக்கு வரவில்லை என்றால் வாங்குபவர் நியாயமான ஒரு கூடுதல் அவகாசம் குறித்துக் கொடுக்கலாம். அதற்குள்ளும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். உள்ளூர் ஆர்டர்களுக்கு அந்த உடன்படிக்கை பொருந்தாது, ஆனால் அதே முறையைச் சங்கம் தன் மாதிரி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. "எப்ப வரும் எப்ப வரும்" என்று நூறு முறை கேட்பதை விட, எழுத்தில் ஒரே ஒரு இரண்டாவது தேதி நல்லது.

தரச்சோதனை:

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. சரக்கு வந்து இறங்கும் அந்த அரை மணி நேரம். தகராறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் ஜெயிக்கப்படுகின்றன அல்லது தோற்கப்படுகின்றன.

லாரி வரும்போது வடிவமைப்பாளர் அங்கே இருக்க மாட்டார். காவலாளி அல்லது பெயின்டர் யாரோ ஒருவர் செலானில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவார். பெட்டியைத் திறப்பது பத்து நாள் கழித்து. அப்போது எதைக் கேட்டாலும் சப்ளையர் அந்தச் செலானைத்தான் நீட்டுவார். மேலே சொன்ன வியன்னா உடன்படிக்கையிலும் இது உண்டு. குறையைக் கண்டதும் நியாயமான காலத்துக்குள் தெரிவிக்காவிட்டால் உரிமை போய்விடும்.

சங்கம் ஒரு பக்கப் படிவம் அச்சடித்துக் கொடுக்கலாம். இறக்கும் இடத்தில் யார் இருந்தாலும் நிரப்பும்படி எளிமையாக இருக்க வேண்டும். பெட்டியின் பேட்ச் எண், ஷேட் எண் தெரியும்படி போட்டோ. உடைந்த பெட்டி எத்தனை. மரம் என்றால் ஈரமானியை வைத்து எடுத்த அளவு (அறைக்குள் வைக்கும் மரச் சாமானுக்குப் பொதுவாக 8 முதல் 12 சதவீத ஈரம் எதிர்பார்க்கலாம், 18 காட்டினால் இறக்கவே வேண்டாம், பிறகு கதவு கோணும்). கையெழுத்துக்குப் பக்கத்தில் "பிரித்துப் பார்க்கவில்லை" என்ற வரி. அந்த ஒரு வரிக்காகவே படிவத்தை அச்சடிக்கலாம்.

ஈரமானி ஒவ்வொருவரும் வாங்கத் தேவையில்லை. சங்க அலுவலகத்தில் இரண்டு மூன்று வைத்து இரவல் கொடுக்கலாம். லேமினேட் நிறத்தைப் பகல் ஒளி, மஞ்சள் விளக்கு என்று மாற்றி மாற்றிப் பார்க்கும் ஒளிப்பெட்டியும் அப்படியே. அது இருந்திருந்தால் உள்ளறை சொன்ன பச்சைக் கதவு ஒட்டுவதற்கு முன்பே தெரிந்திருக்கும்.

பெரிய லாட் வாங்குபவர்களுக்கு ஐஎஸ்ஓ 2859-1 என்ற தர அளவை இருக்கிறது. லாட்டில் எத்தனை எடுத்துச் சோதிப்பது, எத்தனை பழுதிருந்தால் முழு லாட்டையும் திருப்பலாம் என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். சின்ன ஆர்டருக்கு இதெல்லாம் அதிகம்.

மைக்கறை:

அச்சுத் தொழில். எங்கள் சங்கத்தில் செய்வதைச் சொல்கிறேன். புகார்ப் பெட்டி கிடையாது. அதற்குப் பதிலாக ஆர்டர் பதிவேடு. ஒவ்வோர் ஆர்டருக்கும் நான்கே விவரம்: ஆர்டர் கொடுத்த தேதி, சப்ளையர் எழுத்தில் ஒப்புக்கொண்ட தேதி, சரக்கு வந்த தேதி, நாங்கள் பணம் கொடுத்த தேதி. நட்சத்திர மதிப்பெண் இல்லை, "ரொம்ப மோசம்" என்று எழுத இடமும் இல்லை. சப்ளையர் தன் பதிவை எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். தவறிருந்தால் ஆவணம் காட்டித் திருத்தலாம்.

நல்ல ஆர்டரையும் பதிய வேண்டும் என்பதில் கறாராக இருக்கிறோம். கெட்டதை மட்டும் பதிந்தால், எங்களில் பலருக்குச் சரக்குத் தரும் பெரிய சப்ளையர்தான் பட்டியலில் முதலில் நிற்பார். ஒரே ஒரு ஆர்டர் எடுத்து அதையும் கெடுத்தவர் கண்ணிலேயே படமாட்டார்.

ஒன்றைப் பதிவதே இல்லை: விலை. போட்டியாளர்கள் கூடி விலை விவரம் பகிர்ந்துகொள்வது பழைய_செயலாளர் சொன்னதை விடப் பெரிய வம்பு. பதிவேட்டைப் பார்த்து யாரிடம் வாங்குவது என்று அவரவர் தனித்தனியே முடிவு செய்துகொள்கிறோம். கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

ஆரம்பத்தில் சப்ளையர்கள் முறைத்தார்கள். நான்காவது தேதி எங்கள் வண்டவாளத்தையும் காட்டுகிறது என்று தெரிந்த பிறகு அவர்களே விவரம் அனுப்பத் தொடங்கினார்கள்.

சதுரஅடி:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வியாழக்கிழமை சரக்கு வரவில்லை, சனிக்கிழமை வீடு ஒப்படைக்க வேண்டும் என்றால் பதிவேடு என்ன செய்யும், நடுவர்தான் என்ன செய்வார்?

மைக்கறை:

ஒன்றும் செய்யாது. அதற்கு எங்களிடம் இருப்பது மீதிச் சரக்குப் பட்டியல். யாரிடம் எந்தக் காகிதம் எவ்வளவு சும்மா கிடக்கிறது என்று அவரவர் போட்டு வைக்கிறார்கள். அவசரத்துக்கு எடுத்துக்கொண்டு பிறகு அதே சரக்கைத் திருப்பித் தர வேண்டும். உண்மையைச் சொன்னால், சந்தா கட்டும் பலர் இதற்காகத்தான் கட்டுகிறார்கள். உங்கள் தொழிலில் கீல், கைப்பிடி, இழுப்பறைச் சட்டம் மாதிரிப் பொருள்களுக்கு இது ஒத்துவரும். ஷேட் பார்க்க வேண்டிய சரக்குக்கு ஒத்துவராது.

பழைய_செயலாளர்:

எங்கள் காலத்தில் இதையெல்லாம் தொலைபேசியில் செய்தோம். யாரிடம் என்ன இருக்கிறது என்று அலுவலக எழுத்தருக்கு மனப்பாடம். அவர் ஓய்வு பெற்றதும் பட்டியலும் ஓய்வு பெற்றது. எழுதி வையுங்கள்.

உள்ளறை:

இதுவரை படித்ததை வைத்து மாதிரி ஆர்டர் படிவத்துக்கு ஒரு வரைவு:

"சரக்கு ... தேதிக்குள் ... முகவரியில் இறக்கப்பட வேண்டும். தாமதமானால் பொருத்தும் வேலை நின்று கூலி நஷ்டம் ஏற்படும் என்பதை விற்பவர் அறிவார். அந்தத் தேதி தவறினால் வாங்குபவர் எழுத்தில் ஒரு கூடுதல் தேதி குறிப்பார். அதுவும் தவறினால் ஆர்டரை ரத்து செய்யலாம், அட்வான்ஸ் 7 நாளில் திருப்பித் தரப்பட வேண்டும். ஒரே ஆர்டரின் சரக்கு முழுவதும் ஒரே பேட்ச், ஒரே ஷேட்டாக இருக்க வேண்டும். தகராறு வந்தால் இரு தரப்பும் ஏற்கும் நடுவரின் தீர்ப்பே இறுதி. தீர்ப்பு 30 நாளில் நிறைவேறாவிட்டால் அந்த விவரத்தைச் சங்கம் வெளியிட இரு தரப்பும் சம்மதிக்கின்றன."

கறுப்புப் பட்டியல் தீர்மானத்துக்குப் பதிலாக இதை வைக்கலாம் என்று நினைக்கிறேன்.

சட்டம்_படித்தவர்:

கடைசி வரி முக்கியம், எடுத்துவிடாதீர்கள். வெளியிட முன்கூட்டியே கொடுத்த சம்மதம் பிறகு பெரிய பாதுகாப்பு. உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சடியுங்கள்.

டைல்ஸ்_கிடங்கு:

பணம் தர வேண்டிய தேதி எங்கே? "சரக்கு சரியாக இறங்கிய ... நாளில் மீதித் தொகை. வாங்குபவருக்கு அவர் வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்பது இதைப் பாதிக்காது." இந்த வரியும் இருந்தால் நான் முதல் கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்று: வாங்குபவர் நடுவில் அளவையோ டிசைனையோ மாற்றினால் தேதியும் புதிதாகத் தொடங்கும் என்று எழுதுங்கள்.

சதுரஅடி:

அந்த "பாதிக்காது" வரிக்கு எங்கள் ஆட்கள் பாதிப் பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது இருக்கட்டும், நடுவருக்குக் கூலி யார் தருவது? சின்ன ஆர்டருக்கு அந்தச் செலவே சரக்கு விலையைத் தாண்டிவிடுமே.

பழைய_செயலாளர்:

சின்ன தகராறுக்கு ஒரே நடுவர், நேர் விசாரணை கிடையாது, ஆவணங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்பு. இரு தரப்பும் ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கட்டட்டும், தோற்றவர் ஜெயித்தவரின் பங்கையும் சேர்த்து ஏற்கட்டும். நடுவர் இந்த ஊரிலேயே தொழில் செய்யும் உங்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. சப்ளையர் அவரைத் தன் நடுவராக ஒருநாளும் ஏற்க மாட்டார், ஏற்காததும் நியாயம். ஓய்வு பெற்ற வடிவமைப்பாளர் ஒருவர், ஓய்வு பெற்ற விற்பனையாளர் ஒருவர் என்று மாறி மாறி வைத்துப் பாருங்கள்.

உள்ளறை:

டைல்ஸ்_கிடங்கின் இரண்டு வரிகளையும் சேர்த்தே கூட்டத்துக்கு எடுத்துப் போகிறேன். சதுரஅடி சொல்வது போல எதிர்ப்பு வரும், தெரியும். வாக்கெடுப்பு ஆனதும் என்ன ஆயிற்று என்று இங்கே எழுதுகிறேன். தரச்சோதனை சார், அந்த இறக்கும் இடத்துப் படிவம் உங்களிடம் தயாராக இருந்தால் அனுப்ப முடியுமா?